தஞ்சாவூரில் ஒன்றரை நாள்: பெரிய கோயில் தவிர எதைப் பார்ப்பது, எதை விடுவது?

மல்லிகா, கோவை (திங்கள், இரவு 9.10)

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை முழுவதும், ஞாயிறு மதியம் வரையும் தஞ்சாவூரில் இருக்கப்போகிறோம். காரில் வருகிறோம். கூட வருபவர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் யோசனை சொல்ல வசதியாக இருக்கும். மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது, மூட்டு வலி. மகனுக்குப் பன்னிரண்டு வயது. யூடியூப் பார்த்து ராஜராஜன் பெயரில் பைத்தியமாக இருக்கிறான். கணவர் எந்த இடத்துக்குப் போனாலும் அரை மணி நேரத்தில் "சரி, அடுத்தது என்ன?" என்று கேட்கிறவர்.

நான் எட்டாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலாவாக வந்திருக்கிறேன். நினைவில் நிற்பவை மூன்று: கால் சுட்டது, புளியோதரைப் பொட்டலம், கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று ஆசிரியர் சொன்னது. இந்த முறை கொஞ்சமாவது உருப்படியாகப் பார்க்க வேண்டும்.

பட்டியல் இதோ: பெரிய கோயில், அரண்மனை, கலைக்கூடம், சரஸ்வதி மகால் நூலகம், சிவகங்கைப் பூங்கா, திருவையாறு, தாராசுரம், கங்கைகொண்டசோழபுரம். முடியுமா?

வல்லம்வாசி (திங்கள், இரவு 9.45)

முடியும். பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் முடியும். வீடு போய்ச் சேர்ந்ததும் எந்தத் தூண் எந்த ஊரில் என்பது மட்டும் நினைவிருக்காது.

முதலில் கங்கைகொண்டசோழபுரத்தை அடியுங்கள். தஞ்சாவூரிலிருந்து எழுபது கிலோமீட்டர் பக்கம். போக வரவே அரை நாள் போய்விடும். அந்தக் கோயிலுக்குத் தனியாக ஒரு பயணம் வைப்பதுதான் மரியாதை. தாராசுரம் கும்பகோணத்தை ஒட்டியிருக்கிறது, ஒரு மணி நேரப் பாதை. அதை ஞாயிறு காலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெரிய கோயிலுக்கு இரண்டு தடவை போங்கள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு முறை, அன்று மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு முறை. பன்னிரண்டரைக்கு நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அதைவிட முக்கியம், பத்து மணிக்கு மேல் அந்தக் கல்தளத்தில் வெறுங்காலோடு நடப்பது தண்டனை. பாய் விரித்த பாதையை விட்டு இறங்கினால் உங்கள் எட்டாம் வகுப்பு நினைவு புதுப்பிக்கப்படும். மாமியாருக்குக் கனமான காலுறை எடுத்து வாருங்கள். மதிலை ஒட்டிச் சுற்றி ஓடும் திருச்சுற்று மாளிகையில் நிழலும் இருக்கிறது, உட்கார இடமும் இருக்கிறது.

நடுப்பகலில் அரண்மனை, கலைக்கூடம், சரஸ்வதி மகால். மூன்றும் ஒரே வளாகம், கூரைக்குக் கீழே. இவ்வளவுதான் திட்டம்.

ஊர்சுற்றி (திங்கள், இரவு 10.20)

வல்லம்வாசி சொல்வதை நான் ஏற்கவில்லை. மூன்று சோழர் கோயில்களையும் ஒரே நாளில் பார்த்திருக்கிறேன். ஆறு மணிக்குப் பெரிய கோயில், ஒன்பது மணிக்குத் தாராசுரம், பதினோரு மணிக்குக் கங்கைகொண்டசோழபுரம். ராஜராஜன் கட்டியது, அவன் மகன் கட்டியது, நூறு ஆண்டு கழித்து இரண்டாம் ராஜராஜன் கட்டியது. அடுத்தடுத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் கண்ணில் படும். தஞ்சாவூர் விமானம் (கருவறை மேல் எழும் கோபுரம்) நிமிர்ந்து நிற்கிறது, கங்கைகொண்டசோழபுரத்து விமானம் இடுப்பு வளைகிறது, தாராசுரம் நகை செய்தது போல இழைத்திருக்கிறது. இதை ஒரு மாத இடைவெளியில் பார்த்தால் பிடிபடாது. காரில் வருகிறார்கள், பிறகென்ன?

வல்லம்வாசி (திங்கள், இரவு 10.31)

பதினோரு மணிக்குக் கங்கைகொண்டசோழபுரத்தில் அந்த அம்மாவை எங்கே உட்கார வைப்பீர்கள்?

ஊர்சுற்றி (திங்கள், இரவு 10.33)

அது சரி. மாமியாரை மறந்துவிட்டேன்.

கல்லெழுத்து (செவ்வாய், காலை 6.50)

இரண்டு தடவை போகச் சொன்னது நல்ல யோசனை. அதில் காலை நேரத்தைக் கல்வெட்டுக்குக் கொடுங்கள். "நமக்கு எங்கே படிக்க வரப்போகிறது" என்று எல்லோரும் ஒதுங்குகிறார்கள். உங்கள் மகனுக்குப் பன்னிரண்டு வயது என்றால் அரை மணியில் நாலைந்து சொற்களைப் பிடித்துவிடுவான். முறை சொல்கிறேன்.

சோழர்காலக் கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். "க்", "க" இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு கிடையாது. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் இல்லை. வடசொற்கள் வந்தால் கிரந்த எழுத்து. "ஸ்வஸ்திஸ்ரீ" என்ற தொடக்கம் அப்படித்தான் இருக்கும், அதைப் பார்த்து மிரள வேண்டாம். க, ட, ப, ம, ர, ன போன்றவை இன்றைய எழுத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். காலை வெயில் சாய்வாக விழும்போது பள்ளத்தில் நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் அதே வரி வெறும் கல்.

எதைத் தேடுவது? விமானத்தின் அடிப்பகுதியில் ராஜராஜனின் உத்தரவு ஒன்று இருக்கிறது. தஞ்சாவூரிலே நாம் எடுப்பிச்ச திருக்கற்றளிக்கு (கல்லால் ஆன கோயிலுக்கு) நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்கிறான். "கொடுத்தன" என்று கூட இல்லை, "குடுத்தன". நாம் இன்றும் வீட்டில் அப்படித்தானே பேசுகிறோம்? "அக்கன்" என்பது குந்தவை. தன் கொடைக்கு அடுத்தபடியாக மனைவியரை வைக்காமல் அக்காளை வைத்திருக்கிறான், கவனியுங்கள். "மற்றும் குடுத்தார்" என்ற இரண்டு சொல்லுக்குள் அதிகாரிகள், படைப்பிரிவுகள் என்று எத்தனையோ பேர் வந்துவிடுகிறார்கள்.

அந்தச் சுவர்களில் இருப்பது புராணம் அல்ல, கணக்கு. எந்தப் படிமம் எத்தனை விரல் உயரம், எத்தனை கை, எந்த நகையில் எத்தனை முத்து. பல ஊர்த் தளிகளிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகள் (கோயிலில் ஆடிய பெண்கள்) ஒவ்வொருவருக்கும் பெயர், முந்தைய ஊர், தெரு, வீட்டு வரிசை எண் எல்லாம் இருக்கின்றன. ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் இருக்கிறது, நாவிதருக்கு "ராஜராஜப் பெருநாவிதன்" என்று பட்டம் கொடுத்ததும் இருக்கிறது. முடி வெட்டியவரின் பெயரைக் கல்லில் போட்ட அரசன் என்று மகனிடம் சொல்லுங்கள், யூடியூபை விடப் பிடித்துக்கொள்வான்.

மல்லிகா, கோவை (செவ்வாய், காலை 8.15)

"குடுத்தன" என்றதும் சிரித்துவிட்டேன். மகன் "கொடுத்தான்" என்று எழுதாமல் "குடுத்தான்" என்று எழுதியதற்குப் போன வாரம்தான் திட்டினேன். இதை அவனிடம் காட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.

நிழல் விஷயம் உண்மையா, பொய்யா? அதையும் யாராவது சொல்லுங்கள்.

சிங்கை இளங்கோ (செவ்வாய், காலை 9.40)

பொய். கணக்குப் போட்டே காட்டுகிறேன். விமானம் ஏறத்தாழ அறுபது மீட்டர் உயரம், அடிப்பக்கம் ஏறத்தாழ முப்பது மீட்டர் அகலம். தஞ்சாவூர் கிட்டத்தட்ட பதினொன்றாம் அட்சரேகையில் இருக்கிறது. சித்திரையிலும் ஆவணியிலும் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேரே. நிழல் விமானத்தின் மேலேயே விழுந்து அடங்கிவிடும். கதை பிறந்தது அங்கேதான். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், நண்பகலில்கூட ஐம்பத்தாறு பாகைதான் ஏறும். அப்போது நிழலின் நீளம் நாற்பது மீட்டர். பாதி அகலம் பதினைந்தைக் கழித்தால் வடக்குப் பக்கத் தரையில் இருபத்தைந்து மீட்டர் நிழல். காலையும் மாலையும் சொல்லவே வேண்டாம், முற்றமெல்லாம் நிழல்தான்.

வாட்ஸ்அப்பில் இன்னொன்று சுற்றுகிறது. லிங்கம் 12 அடி, அது உயிரெழுத்து. பீடம் 18 அடி, அது மெய்யெழுத்து. விமானம் 216 அடி, அது உயிர்மெய். லிங்கத்துக்கும் நந்திக்கும் இடையே 247 அடி, அது மொத்தத் தமிழ் எழுத்து. என் சித்தப்பா வாரம் ஒரு முறை அனுப்புகிறார்.

கல்லெழுத்து (செவ்வாய், காலை 10.05)

இப்போது இருக்கும் நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. ராஜராஜனுக்குப் பிறகு ஐந்நூறு ஆண்டுக்கு மேல் கழித்து வைத்த நந்திக்கு ராஜராஜன் எப்படி அளவெடுத்தான் என்று சித்தப்பாவிடம் கேளுங்கள். ஆய்தத்தை எங்கே வைத்தான் என்றும் கேளுங்கள்.

உச்சியில் எண்பது டன் ஒற்றைக் கல், சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டி ஏற்றினார்கள் என்பதும் இதே வகைதான். சிகரம் பல கற்களைப் பொருத்திச் செய்தது என்றே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மலையே இல்லாத நெல்வயல் நாட்டுக்கு இத்தனை கருங்கல்லைக் கொண்டுவந்ததும், அதை ஏறத்தாழ இருநூறு அடி உயரத்துக்கு அடுக்கியதும் போதாதா? 1010-ல், தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், உச்சியில் வைக்கக் கலசம் கொடுத்தான் என்று நாள் கணக்கோடு எழுதி வைத்திருக்கிறான். அவ்வளவு துல்லியமாக எழுதியவனுக்கு நாம் பொய்க் கணக்கு எழுத வேண்டியதில்லை.

பழைய வாத்தியார் (செவ்வாய், பகல் 12.20)

மல்லிகா அம்மா, உங்களிடம் நிழல் விழாது என்று சொன்ன ஆசிரியர் நானாக இருக்க வாய்ப்பில்லை, நான் தென்காசிப் பக்கம். ஆனால் நானும் சொல்லியிருக்கிறேன். முப்பது ஆண்டுப் பணியில் ஏழெட்டு முறை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் வந்தேன். ஒவ்வொரு முறையும் முற்றத்தில் நின்று, கை நீட்டி, "பாருங்கள், நிழல் இல்லை" என்றேன். நாங்கள் போய்ச் சேருவது எப்போதும் பதினொன்றரை மணி. கோடை விடுமுறைக்கு முன்னால்தான் சுற்றுலா வைப்போம். இளங்கோ தம்பியின் கணக்குப்படி நான் பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை.

ஒரு முறை ஒரு பெண் பிள்ளை, "அப்படியானால் நாம் இப்போது எதன் நிழலில் நிற்கிறோம் சார்?" என்று கேட்டாள். கால் சுடுகிறது என்று எல்லோரும் வடபுறம் சண்டிகேசுவரர் சந்நிதிப் பக்கம் ஒதுங்கியிருந்தோம். அந்த ஆண்டு மட்டும் சுற்றுலாவைத் தை மாதத்தில் வைத்திருந்தார்கள். "கேள்வி கேட்காமல் வரிசையில் நில்" என்றேன். அவள் இப்போது எங்கே இருக்கிறாளோ.

சிங்கை இளங்கோ (செவ்வாய், பகல் 12.34)

ஐயா, இதை எழுதியதற்கே உங்களுக்கு ஒரு வணக்கம்.

ஓலைச்சுவடி (செவ்வாய், மாலை 4.10)

சரஸ்வதி மகால் பற்றி யாரும் விரித்து எழுதவில்லை என்பதால் நான் வருகிறேன். முதலில் ஒரு எச்சரிக்கை: புதன்கிழமை விடுமுறை. நீங்கள் சனிக்கிழமை வருவதால் கவலையில்லை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சென்னையிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணம் செய்து ஒரு புதன்கிழமை காலை பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன்.

அடுத்தது, நூலகம் வேறு, அருங்காட்சியகம் வேறு. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகள் இருக்கும் நூலகத்துக்குள் சுற்றுலா வந்தவர்கள் போக முடியாது, அது ஆய்வாளர்களுக்கு. நமக்குக் காட்டுவது சின்ன அருங்காட்சியகம். இதற்குத்தானா இவ்வளவு பெயர் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்காமல் கண்ணாடிப் பெட்டிகளைக் குனிந்து பாருங்கள்.

நாயக்கர்கள் தொடங்கிய நூலகம்தான், ஆனால் இன்றைய உருவம் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியால் வந்தது. 1798-லிருந்து 1832 வரை அரசர் என்ற பெயரோடு இருந்தார். அரசியல் அதிகாரமெல்லாம் ஆங்கிலேயர் கையில். கோட்டைக்குள் மட்டும் இவர் ராஜா. அதனால் என்ன செய்தார்? படித்தார். ஐரோப்பாவிலிருந்து புத்தகம் வரவழைத்தார். கண் நோய்க்குச் சிகிச்சை செய்து, நோயாளியின் கண்ணை வண்ணத்தில் வரைய வைத்து, குறிப்பு எழுதி வைத்தார். மனித முகங்களையும் விலங்கு முகங்களையும் ஒப்பிட்டு வரைந்த பிரெஞ்சு ஓவியர் லெ புரூனின் படங்கள் அங்கே இருக்கின்றன. ஆந்தை முகமும் ஆந்தை போன்ற மனித முகமும் பக்கத்தில் பக்கத்தில். பன்னிரண்டு வயதுப் பையன் தன் சொந்தக்காரர்களைத் தேடத் தொடங்கிவிடுவான். சீனத் தண்டனை முறைகளைக் காட்டும் படங்களும் உண்டு, அதை மட்டும் மாமியார் பார்க்காமல் கடத்திவிடுங்கள்.

சரபோஜியைப் பார்க்க இன்னொரு இடமும் இருக்கிறது. சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய சுவார்ட்ஸ் தேவாலயத்தில், இறக்கும் தறுவாயில் படுத்திருக்கும் பாதிரியார் சுவார்ட்ஸின் கையைப் பிடித்தபடி சரபோஜி நிற்கும் பளிங்குச் சிற்பம் இருக்கிறது. லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செய்தது. சுவார்ட்ஸ்தான் இவருக்கு ஆசான், காப்பாளர் எல்லாம். மன்னர் கடைசிவரை மதம் மாறவில்லை. 1803-ல் பெரிய கோயில் சுவரில் தன் போன்சலே வம்ச வரலாற்றை மராட்டியில் மிக நீளமாக வெட்டி வைத்தவரும் இவரே.

ஊர்சுற்றி (செவ்வாய், மாலை 5.30)

கோயிலைப் பற்றி நீங்கள் சொன்னதெல்லாம் சரி. அரண்மனையைப் பற்றி மட்டும் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் போனபோது வௌவால் நாற்றம். தர்பார் மண்டபத்தின் வண்ணமெல்லாம் பொரிந்து கிடந்தது. ஒவ்வொரு வாசலிலும் வேறு வேறு டிக்கெட். வழிகாட்டி என்று ஒருவர் ஒட்டிக்கொண்டார். அரண்மனையிலிருந்து பெரிய கோயில் வரை சுரங்கப்பாதை என்று தொடங்கி, சாம்பார் பிறந்த அடுப்பு என்று ஒன்றைக் காட்டுகிற வரை போனார். பாதியில் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மேலே ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது, தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியதாம். அரண்மனையில் திமிங்கலம் எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. கலைக்கூடத்தில் வரிசையாகச் சிலைகள். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

ஓவியப்பித்து (செவ்வாய், இரவு 7.55)

பத்து நிமிடமா? ஊர்சுற்றி, உங்களோடு எனக்கு வழக்கு இருக்கிறது.

அந்த "வரிசையாகச் சிலைகள்" என்பதில் திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது காளையோடு நிற்கும் சிவன், நின்றுகொண்டிருந்தார். சோழர் செப்புத் திருமேனிகளில் எதை முதலில் வைப்பது என்று என்னைக் கேட்டால் நடராசரைக்கூடச் சொல்ல மாட்டேன், இவரைத்தான் சொல்வேன். 1951-ல் திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த குவியலில் வந்தவர். கலைக்கூடம் தொடங்கியதும் அதே ஆண்டு. கோயில் கல்வெட்டைக் கொண்டு இவர் வார்க்கப்பட்ட ஆண்டு 1011 என்றும், பக்கத்தில் நிற்கும் தேவி அடுத்த ஆண்டு என்றும் தெரிகிறது. பெரிய கோயில் விமானத்தில் கலசம் ஏறிய மறு ஆண்டு என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றரை அடிதான். ஒரு காலை மறுகாலின் குறுக்கே தளர்வாக வைத்து நிற்கிறார். சடையையே தலைப்பாகை போலச் சுற்றியிருக்கிறார், அதற்குள் பாம்புகள். ஒரு கை முழங்கையில் மடங்கி, காளையின் மேல் சாய்ந்திருக்கிறது. காளையைக் காணோம். பீடம் இருக்கிறது, கை இருக்கிறது, நடுவில் வெறும் காற்று. பக்கவாட்டில் போய் நின்று முதுகைப் பாருங்கள். உலோகத்தில் செய்த முதுகு என்று தோன்றாது.

அதே கூடத்தில் தாராசுரத்திலிருந்து வந்த கற்சிற்பங்களும் இருக்கின்றன. யானைத் தோலை உரித்து முதுகுப்புறம் விரித்துக்கொண்டு திரும்பும் கஜசம்ஹாரமூர்த்தியை விடாதீர்கள். தாராசுரம் போவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிட்டால், அந்தக் கோயிலில் காலியாக நிற்கும் மாடங்களின் மீது கண் போகும்.

இப்போது என் குறையையும் சொல்லிவிடுகிறேன். பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் சோழர் ஓவியங்கள் இருக்கின்றன. மேலே நாயக்கர் காலத்துப் பூச்சு மூடியிருந்தது. 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி அடியில் இருப்பதைக் கண்டு வெளியே சொன்னார். சுந்தரர் கயிலை போவது, திரிபுரம் எரிப்பது, தில்லைக் கூத்தனை அரசன் வணங்குவது. எல்லாம் பூட்டுக்குப் பின்னால். மேல்தளத்தில் 108 நாட்டியக் கரணங்களில் 81 செதுக்கி, மீதிக் கற்களை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். அதுவும் பூட்டு. நம் வீட்டுச் சொத்தை நமக்கே காட்ட மாட்டோம் என்றால் எப்படி?

கல்லெழுத்து (செவ்வாய், இரவு 8.30)

காட்டக் கூடாது என்பதே என் கட்சி. அந்த உள்சுற்று குறுகலான இருட்டு வழி. காற்று புழங்காது. நாளுக்கு ஆயிரம் பேர் மூச்சுவிட்டால் ஈரம் எங்கே போகும்? சுவருக்குத்தான். ஆயிரம் ஆண்டு தாங்கியதில் பெரும்பகுதியை நாயக்கர் பூச்சுதான் போர்வையாக இருந்து காப்பாற்றியது. தொல்லியல் துறை அந்த நாயக்கர் ஓவியத்தையும் அழிக்காமல் சில இடங்களில் பெயர்த்தெடுத்துத் தனிப் பலகையில் ஏற்றியிருக்கிறது. இரண்டு அடுக்கும் பிழைத்தன. வளாகத்துக்குள்ளேயே விளக்கக் கூடத்தில் அந்த ஓவியங்களின் படங்கள் இருக்கின்றன. பார்த்துக்கொள்ளலாம்.

ஓவியப்பித்து (செவ்வாய், இரவு 8.41)

படத்தில் சாப்பாட்டைக் காட்டிவிட்டுப் பசியாறச் சொல்கிறீர்கள். ஒரு நாளைக்கு இருபது பேர், முன்பதிவு செய்து, பதினைந்து நிமிடம். அதைக்கூடச் செய்ய முடியாதா?

கல்லெழுத்து (செவ்வாய், இரவு 8.44)

இருபது பேர் என்று தொடங்கும். யாருடைய மைத்துனர் இருபத்தொன்றாவது ஆள் என்பதில்தான் முடியும். நாம் எந்த ஊரில் இருக்கிறோம்?

வல்லம்வாசி (செவ்வாய், இரவு 9.15)

சண்டை நடக்கட்டும், மல்லிகா அம்மாவுக்கு நான் வேலையை முடிக்கிறேன். சோழரைத் தேடி வருகிறவர்கள் பெரிய கோயிலில் மற்றவர்களை மிதித்துக்கொண்டு போகிறார்கள். அம்மன் சந்நிதி பாண்டியர் காலம். வடமேற்கு மூலையில் சுப்பிரமணியர் கோயில் நாயக்கர் காலம். அதன் வெளிச்சுவர் வேலைப்பாட்டை ஒரு சாண் தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். வாயில்காப்போன் சிலையில் மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள்: கதாயுதத்தைச் சுற்றியிருக்கும் பாம்பு எதை விழுங்குகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். யானையை விழுங்குகிறது. யானை அவ்வளவு சிறிது என்றால் பாம்பு எவ்வளவு பெரிது, பாம்பு அவ்வளவு என்றால் காவல்காரன் எவ்வளவு பெரியவன், அவன் காக்கும் சாமி எவ்வளவு பெரியது. அளவை அப்படித்தான் சொன்னார்கள், அடியில் சொல்லவில்லை.

சாப்பாடு: காலையில் இட்லிக்குக் கடப்பா கேட்டு வாங்குங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டது, இந்தப் பக்கம் தாண்டினால் கிடைக்காது. திருவையாற்றுக்கு நேரமில்லை என்றாலும் யாரையாவது விட்டு அசோகா அல்வா வாங்கிவிடுங்கள்.

மல்லிகா, கோவை (ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10.05)

போய் வந்துவிட்டோம். இன்னும் பையைக்கூடப் பிரிக்கவில்லை, முதலில் இங்கே எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்குக் கோயிலில் இருந்தோம். மகன் கல்வெட்டில் "ட"-வையும் "ப"-வையும் பிடித்தான், "ராஜராஜ" என்பதையும் பிடித்தான். "அக்கன்" கிடைக்கவே இல்லை. ஒரு மணி நேரம் தேடினான், நானும் தேடினேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம். கல்லெழுத்து அவர்கள் எந்தப் பக்கச் சுவர் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பாம்பு விழுங்கும் யானையை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான். மாலையில் போனபோது நிழலை நானே பார்த்தேன். முற்றத்தின் கிழக்குப் பாதி முழுக்க விமானத்தின் நிழல், அதன் மேல் பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்த இடம் மட்டும் கால் சுடவில்லை.

கணவர் வழக்கம்போல அரை மணியில் "அடுத்தது?" என்றார். திருச்சுற்று மாளிகையில் அத்தையோடு உட்கார வைத்தோம். தூங்கிவிட்டார்.

எழுத வந்தது கலைக்கூடத்தைப் பற்றி. அத்தைக்கு மூட்டு வலி, சிலை பார்ப்பதில் ஆர்வமும் இல்லை. ஒவ்வொரு சாமியின் முன்னாலும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துகொண்டிருந்தார். ரிஷபவாகனர் முன்னால் மட்டும் நின்றுவிட்டார். கும்பிடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாடு எங்கே?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இங்கே படித்ததை அவரிடம் சொல்லவே இல்லை. பலகையில் இருந்ததையும் அவர் படிக்கவில்லை. "மாடு கிடைக்கவில்லையாம் அத்தை. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "மாட்டு மேல் கை போட்டு நிற்கிறவன் இப்படித்தான் நிற்பான். ஒரு காலில்தான் பாரம் இருக்கும், மற்றதைத் தொங்கவிட்டிருப்பான். உன் மாமனார் சந்தையில் இப்படித்தான் நிற்பார்" என்றார். பிறகு தன் கையை மார்புக்குக் கீழே ஒரு மட்டத்தில் நீட்டி, "திமில் இந்த உயரத்தில் இருந்திருக்கும். சின்ன மாடுதான். பழகின மாடு, இல்லாவிட்டால் இவ்வளவு அசட்டையாகச் சாய முடியாது" என்றார்.

அவருக்கு ஐம்பது ஆண்டு மாடு வளர்த்த பழக்கம். காவலாளி ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அத்தை அங்கேயே இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மற்றதையெல்லாம் பார்த்துவிட்டு வந்தோம். கஜசம்ஹாரரையும் பார்த்தோம், திமிங்கலத்தையும் பார்த்தோம். மகனுக்கு மொத்தப் பயணத்தில் பிடித்தது திமிங்கலம்தான், வருத்தத்தோடு சொல்கிறேன். லெ புரூன் படங்களில் ஒரு ஆட்டு முகத்தைக் காட்டி "பெரியப்பா" என்றான். அப்படியே இருந்தது.

தாராசுரத்தில் ஒரு மணி நேரம்தான். யானையும் காளையும் ஒரே தலையில் இருக்கும் சிற்பத்தை அத்தையிடம் காட்டினேன். "இது வித்தை" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

ஓவியப்பித்து (ஞாயிறு, இரவு 10.30)

"இல்லாவிட்டால் இவ்வளவு அசட்டையாகச் சாய முடியாது." இருபது ஆண்டாக அந்தச் சிலையைப் பார்க்கிறேன். மாடு பழகின மாடு என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கல்லெழுத்து (ஞாயிறு, இரவு 10.42)

சுவரின் பக்கம் சொல்லாதது என் தவறு. தம்பியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது முன்னாலேயே எழுதுங்கள், நானே வந்து காட்டுகிறேன்.

பழைய வாத்தியார் (ஞாயிறு, இரவு 10.50)

நிழலில் பிள்ளைகள் ஓடினார்களா? நல்லது.

ஊர்சுற்றி (ஞாயிறு, இரவு 11.15)

அந்த ரிஷபவாகனர் கலைக்கூடத்தில் எந்தப் பக்கம் இருக்கிறார்? நான் அவரைக் கடந்து போயிருக்கிறேன் என்பதே இப்போதுதான் உறைக்கிறது. அடுத்த சனிக்கிழமை வருகிறேன். தஞ்சாவூர் மட்டும்தான்.

வல்லம்வாசி (ஞாயிறு, இரவு 11.20)

உள்ளே போய்க் காவலாளியிடம் "மாடு இல்லாத சாமி" என்று கேளுங்கள், காட்டுவார். அதற்கு முன்னால் காலை ஐந்தே முக்காலுக்குக் கோயில் வாசலில் இருங்கள், நானும் வருகிறேன். காலுறை மறக்க வேண்டாம்.